மிச்சம் எங்கே, மிஸ்?

சென்ற வருடம் கண்டியில் என் வலது மணிக்கட்டுக்கு அறுவை செய்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் எலும்பு இரண்டாகிவிட்டது. கையை மரத்துப்போகச் செய்ய வந்த டொக்டர் பிள்ளைக்கு என் மகள் வயதுகூட இருக்காது. என் அக்குளில் குளிர்ந்த பசையைத் தடவி, சவர்க்காரக் கட்டி அளவிலான ஒரு கருவியை வைத்து அழுத்தினாள். பக்கத்துத் திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது.

"இங்க பாருங்கம்மா. துடிக்குதே, இது நாடி. அதச் சுத்தித் தேன்கூடு மாதிரி இருக்கிறதெல்லாம் நரம்பு. இந்தக் கறுப்பு வட்டம் இன்னொரு ரத்தக் குழாய். லேசா அமத்தினாக்கூட மூடிக்கிரும், பாருங்க. இதுக்குள்ள மட்டும் மருந்து போயிறக் கூடாது."

ஊசி திரையில் ஒரு வெள்ளைக் கோடாக உள்ளே வந்தது. தேன்கூட்டின் ஓரத்தில் நின்றது. மருந்து அதைச் சுற்றிக் கறுப்பாகப் பரவியது. நான் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா. எல்லாம்தான் தெரியுதே" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறது என்று நினைத்து அந்தப் பிள்ளை பதறிப்போய் ஊசியை நிறுத்தினாள். வலி இல்லை, நீ செய்யம்மா என்றேன். அந்த மேசையில் படுத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் எப்படிச் சொல்வேன்?

அவர் சிங்களவர். கேகாலைப் பக்கத்துக்காரர். எழுபதுகளில் எங்கள் மலையக ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து டொக்டராக இருந்தார். நான் அதே ஆஸ்பத்திரியின் அறுவைத் தியேட்டரில் தாதி; தாதியை அங்கே மிஸ் என்பார்கள். அப்பா தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார், வட்டகொடைப் பக்கம். கடைவீதியில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தியேட்டருக்கு என்னைப் போட்டதற்கும் அதுதான் காரணம். வருகிற நோயாளிகளில் பாதிக்கு மேல் தோட்டத்துச் சனம். டொக்டர்மாருக்குத் தமிழ் தெரியாது.

அவர் குள்ளம். குளிர் தாங்க மாட்டார். பச்சைத் தியேட்டர் சட்டைக்குள்ளே ஒரு பழுப்புக் கம்பளிச் சட்டையைப் போட்டிருப்பார். கழுத்துப் பக்கம் அது எட்டிப் பார்க்கும். ஊசி போடுவதற்கு முன் வலது கை விரல்களைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். குளிர்ந்த விரலுக்கு நாடி அகப்படாது என்பார். பிறகு நோயாளியின் கையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கி வைத்து, அக்குளில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாடி கிடைத்ததும் தலை இலேசாக ஒரு பக்கம் சாயும். தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்கிற ஆள் மாதிரி இருக்கும்.

அந்தக் காலத்தில் திரை ஏது? நாடியை விரல் கண்டுபிடிக்கும். நரம்பை நோயாளிதான் கண்டுபிடிக்க வேண்டும். ஊசி நுனி நரம்பைத் தொட்டதும் விரல் நுனி வரை சுரீரென்று ஓடும். எந்த விரலுக்கு ஓடியது என்பதை வைத்து எந்த நரம்பில் நிற்கிறோம் என்று அவர் கண்டுகொள்வார். ஆகவே நோயாளி விழித்திருக்க வேண்டும், பேச வேண்டும். பேசியதை நான் சொல்ல வேண்டும்.

"மொகத கியன்னே?" என்ன சொல்கிறார்கள்? ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது என்னிடம் அதைக் கேட்பார்.

நான் சேர்ந்த முதல் வாரம். ஒரு கிழவருக்குக் கை விரலில் அறுவை. எப்படி இருக்கிறது என்று டொக்டர் கேட்கச் சொன்னார். கிழவர் பேச ஆரம்பித்தார். கங்காணி வீட்டு ஆடு, மழை, மருமகள், விரல், எல்லாம் வந்தது. நான் டொக்டரிடம், "வலிக்கிறதாம்" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அவர் இவ்வளவு நேரம் பேசினார். நீ ஒரு சொல் சொன்னாய். மிச்சம் எங்கே, மிஸ்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிழவரைத் திரும்பச் சொல்லச் சொல்லி, ஆடு முதற்கொண்டு ஒன்று விடாமல் சிங்களத்தில் சொன்னேன். மருமகள் கோபித்துக்கொண்டு போனதால் காலையில் கிழவர் தானே ரொட்டி சுட்டு மூன்று தின்றுவிட்டு வந்திருக்கிறார் என்பது அதற்குள் இருந்தது. அவரைத் தூங்க வைப்பதாகத்தான் இருந்தது. அந்த ரொட்டியோடு தூங்க வைத்திருந்தால் அது மேலேறி மூச்சை அடைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். டொக்டர் என்னை ஏசவில்லை. "ஆடும் வேண்டும், மருமகளும் வேண்டும். எதற்குள் எது இருக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். அன்றைக்குக் கிழவருக்குக் கையை மட்டும் மரக்கச் செய்தார்.

அவர் சொல்லித் தந்த கேள்வியில் ஒரு சங்கடம் இருந்தது. "கரண்ட் அடிப்பது போல இருந்தால் உடனே சொல்லச் சொல்" என்பார். தொழிற்சாலை ஆட்களுக்கு அது விளங்கும். லயத்து வீடுகளில் குப்பி விளக்கோடு இருக்கிறவர்களுக்குக் கரண்ட் அடிப்பது எப்படித் தெரியும்? ஒரு கொழுந்துக்காரப் பெண் திருதிருவென்று விழித்தாள். இதை நான் சொன்னதும் டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் அவர்களையே கேள். அவர்கள் சொல் என்ன?"

அதற்குப் பிறகு அவர்கள் சொற்கள் வர ஆரம்பித்தன. செந்தட்டி இலை பட்டாப்ல அரிக்குது என்றாள் ஒருத்தி. முழங்கை இடிபட்டாச் சுர்ருன்னு போகுமே அது மாதிரி என்றார் ஒருவர். சுண்டி இழுக்குது, எறும்பு ஊருது, மதமதன்னு வருது. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்பார். 'மதமத' அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அது சிங்களத்தில் இல்லை என்பார். சில நாள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே, "மிஸ், இண்டைக்கு எனக்கு மதமத" என்பார். தப்பாகத்தான் சொல்வார். தியேட்டரில் எல்லோரும் சிரிப்போம்.

சர்ஜனுக்கு இதெல்லாம் பிடிக்காது. நல்ல கைகாரர், ஆனால் அவசரக்காரர். கையுறை மாட்டிய கைகளை நெஞ்சுக்கு முன்னால் உயர்த்திக்கொண்டு, "இது தியேட்டரா, ரேடியோ நிலையமா?" என்பார். டொக்டர் கண்ணை மூடிக்கொண்டு நாடியைக் கேட்பார்.

அறுவை முடிந்தாலும் அவருக்கு முடியாது. மரத்துப்போன கை பழைய நிலைக்கு வரும் வரை வார்டுக்கு வந்து வந்து பார்ப்பார். பூண்டுலோயாப் பக்கத்து ஆள் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மரத்த கையை அடுப்பங்கரையில் வைத்துக்கொண்டு உறங்கிப் புறங்கை வெந்து திரும்பி வந்தார். அதற்கு டொக்டர் அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆள் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார். "நம்மகிட்ட எதுக்கு மிஸி மன்னிப்பு? நான்தான சொல்லாமப் போனேன்?" என்றார். நான் அதை அப்படியே சொன்னேன். டொக்டர், "இல்லை, நான் அவரிடம் சரியாகச் சொல்லவில்லை என்று சொல்" என்றார்.

இரண்டு வருடத்தில் நான் நன்றாகப் பழகிவிட்டேன். ஒரு சொல் விடாமல் சொல்வேன். வேறு மிஸ் வந்தால் அவர் ஊசியை எடுக்கவே மாட்டார், என்னைத் தேடி ஆள் அனுப்புவார். எனக்கு அதில் பெருமை இருந்தது. பெருமை வந்த பிறகுதான் கவனம் குறைந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மருதாயி ஒரு மழைக் காலத்தில் வந்தாள். முப்பது வயது இருக்கும். கொழுந்துக் கூடையோடு சறுக்கி வடிகானுக்குள் விழுந்து முன்கை எலும்பு இரண்டும் முறிந்திருந்தது. கட்டுப்போட்டுச் சரிவரவில்லை, திறந்து பொருத்த வேண்டும் என்றார் சர்ஜன். அவளுக்கு மூச்சிழுப்பு இருந்தது. இந்த நெஞ்சோடு தூங்க வைப்பது ஆபத்து, கையை மரக்கச் செய்வதுதான் அவளுக்கு நல்லது என்று டொக்டர் முடிவு செய்தார். அந்த முடிவு சரியானது. இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி அவர்கள் குடும்பத்துக்கு இந்தியாவுக்கே திரும்பிப் போகக் கடுதாசி வந்திருந்தது. புருஷன், பெண் ஒன்று, பையன் ஒன்று, அவள். இன்னும் ஐந்து வாரத்தில் ஸ்டேசனில் கோச்சி ஏற வேண்டும்.

மேசையில் படுத்ததிலிருந்து மருதாயி பேசிக்கொண்டே இருந்தாள்.

"அங்க போயி என்னா வேலை கெடைக்குமோ தெரியாது மிஸி. ஒடிஞ்ச கையோட போனா யாரு வேலை குடுப்பா? அதான் இங்கயே சரி பண்ணிட்டுப் போயிருவோம்னு அவருகிட்டச் சொன்னேன். ஒரு முட்டைக் கோழி நிக்குது மிஸி. அதக் கொண்டுபோக விடுவாங்களா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோழியையும் சொன்னேன். டொக்டர் சுடுதண்ணீரில் விரல்களை வைத்தபடி, கோழிக்கு யாரும் பாஸ்போட் கேட்கமாட்டார்கள் என்று சொல்லச் சொன்னார். மருதாயி சிரித்தாள். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கும். நல்ல சிரிப்பு.

அன்றைக்கு அது நான்காவது அறுவை. சர்ஜன் கை கழுவி வந்து நின்றுகொண்டிருந்தார். 'ச்சு' கொட்டினார். "கோழிக் கதை முடிந்ததா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மற்றத் தாதிகள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

டொக்டர் நாடியைக் கண்டுபிடித்தார். ஊசியைச் செலுத்தினார். "சுண்டுவெரலுக்குச் சுர்ருன்னு போச்சு" என்றாள் மருதாயி. சொன்னேன். ஊசிக் குழலின் பின்தண்டை இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. கொஞ்சம் மருந்து செலுத்தினார். நிறுத்தினார். திரும்ப இழுத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம். அதுதான் அவர் முறை. இரத்தம் வராவிட்டாலும் ஊசி ஒரு மெல்லிய இரத்தக் குழாய்க்குள் இருக்கலாம். அப்படியானால் மருந்து நேரே தலைக்கும் நெஞ்சுக்கும் போகும். அதை முதலில் அறிகிறவர் நோயாளிதான். காது இரையும், வாயில் ஒரு ருசி வரும், உதடு மரக்கும். இதையெல்லாம் எனக்கு அவர் முதல் மாதமே சொல்லித் தந்திருந்தார்.

பாதி மருந்து போயிருக்கும்.

"மிஸி, காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி ஙொய்யின்னு கேக்குது. வாயெல்லாம் கசக்குது" என்றாள் மருதாயி.

"மொகத கியன்னே?" என்றார் டொக்டர்.

சர்ஜன் பெருமூச்சு விட்டார். நான் சொன்னேன்: "பயமாக இருக்கிறதாம், சேர்."

அவள் அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். இதுவும் அந்தப் பேச்சில் ஒன்று என்று என் மனம் எடுத்துக்கொண்டது. காது, கசப்பு என்ற சொற்கள் என் செவியில் விழுந்தன. உள்ளே போகவில்லை. நான் குனிந்து, "ஒண்ணுமில்ல புள்ள, பயப்படாத" என்று அவளுக்கும் சொன்னேன்.

டொக்டர் நிறுத்தினார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மீதி மருந்தைச் செலுத்தினார்.

அவள் உதடு முதலில் துடித்தது. பிறகு முகம். பிறகு உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. டொக்டர் ஊசியை வீசிவிட்டு மூச்சுக் கொடுக்கும் பையை எடுத்தார். வலிப்பு நின்றது. நாடியும் நின்றது. முக்கால் மணி நேரம் அவர் அவள் நெஞ்சை அமுக்கினார். சர்ஜன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து மாறி மாறி அமுக்கினார். அந்தக் குளிரிலும் கம்பளிச் சட்டை நனைந்து டொக்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் சர்ஜன்தான் அவர் தோளைப் பிடித்து, "போதும்" என்றார்.

வெளியே வாங்கில் அவள் புருஷன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தான். டொக்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றார்.

"நான் சொல்வதை அப்படியே சொல்" என்றார். "உங்கள் மனைவி இறந்துவிட்டார். நான் போட்ட ஊசியால் இறந்தார்."

நான் சொன்னேன்: "எவ்வளவோ பாடுபட்டுப் பாத்தோம் அண்ணே. காப்பாத்த முடியலை."

அவன் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து டொக்டரைப் பார்த்துக் கை கூப்பினான். "பாடுபட்டீங்களே சாமி. நீங்க நல்லா இருக்கணும்."

"மொகத கியன்னே?"

அதை மட்டும் நான் சரியாகச் சொன்னேன்.

டொக்டர் முகம் வெளிறிப்போனது. ஊசி போட்டுக் கொன்றவனை எவன் வாழ்த்துவான்? நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, தெரிந்த தமிழில், "நான்" என்றார். "ஊசி. நான். நான் பிழை." அந்த ஆளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய மகள் அவன் சாரத்தைப் பிடித்திழுத்து, "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டாள். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை.

நடந்ததை விசாரணைக்கு டொக்டர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கூட இருந்தவள் என்ற முறையில் நானும் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். கிளாக்கர் கடுதாசியை நீட்டியபோது படித்தேன். டொக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: மருந்து பாதி சென்றபோது வாய் கசப்பதாக நோயாளி சொன்னார். நான் அதைக் கேட்டேன். ஆயினும் நிறுத்தாமல் தொடர்ந்தேன். தவறு என்னுடையது.

அவர் கேட்டது 'பயம்' என்ற சொல்லைத்தான். கசப்பை நான் சொல்லவே இல்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் எழுதியிருக்கிறார். ஒரு சொல்லைக் கூட்டவும் குறைக்கவும் விடாத மனிதர், எனக்காக ஒரு பொய்! அங்கேயே கிளாக்கரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டில் அப்பா படுக்கையில், தம்பிமார் இருவர் பள்ளிக்கூடத்தில். என் வேலையில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.

அதன் பிறகு அவர் ஒருவருக்கும் கையை மரக்கச் செய்யவில்லை. விரலில் முள் எடுக்க வந்தவனைக்கூடத் தூங்க வைத்தார். நெஞ்சு சரியில்லாதவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை யாரும் கொண்டுவந்து வைப்பதில்லை. தியேட்டர் அமைதியாகிவிட்டது. சர்ஜனே ஒரு நாள், "ஏதாவது பேசுங்களேன் ஐயா" என்றார். என்னிடம் அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மருதாயியின் புருஷன் குறித்த நாளிலேயே பிள்ளைகளோடு புறப்பட்டான். அவளைத் தோட்டத்திலேயே புதைத்திருந்தார்கள். வட்டகொடை ஸ்டேசனுக்கு நான் போகவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி அட்டென்டன் ஒருவர் தன் அண்ணனை வழியனுப்பப் போயிருந்தார். அவர் வந்து சொன்னார்:

"மிஸி, நம்ம டொக்டர் ஐயா அங்க நின்னாருங்க. மழையில நனைஞ்சுகிட்டு. அந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் கம்பளித் தொப்பி வாங்கிட்டு வந்து தலையில மாட்டி விட்டாரு. திருச்சிப் பக்கம் போற புள்ளைங்களுக்குக் கம்பளித் தொப்பி எதுக்குங்க? அந்த வெயில்ல? நான் சொல்லப் போனேன். அவரு மொகத்தப் பாத்துட்டுச் சொல்லலீங்க."

சில மாதங்களில் அவருக்கு மாற்றல் வந்தது. தண்டனையா, அவரே கேட்டு வாங்கியதா தெரியாது. போகிற அன்றைக்கு எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

அதற்குப் பிறகு எனக்குக் கலியாணம் ஆனது, அப்பா செத்தார். எண்பத்து மூன்றில் தமிழரை அடித்த கலவரம் வந்து போனது. எங்கள் வீதியில் மூன்று கடைகள் எரிந்தன. அந்தக் கலவரத்திலும் ஆஸ்பத்திரிக்கு வந்த தமிழ் ஆட்களின் பேச்சை நான்தான் சிங்கள டொக்டர்மாருக்குச் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஒவ்வொருவரிடமும், "வேற என்ன? இன்னும் என்ன?" என்று கேட்டுக் கேட்டு அவர்களைக் களைக்க வைத்தேன்.

மருதாயி இறந்து ஒன்பது வருடங்கள் கழித்து, அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். விலாசம் வாங்கிக்கொண்டு கேகாலைக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் சொல்லவில்லை.

இறப்பர் மரங்களுக்கு நடுவில் சின்ன வீடு. என்னைக் கண்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தலை முழுவதும் நரைத்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டு, இந்த மிஸ்தான் எனக்குத் தமிழ் கற்றுத் தந்தது என்றார். அந்த அம்மா தேத்தண்ணீரும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "சேர், அன்றைக்கு அவள் பயம் என்று சொல்லவில்லை. வாய் கசக்கிறது என்றாள். நான் அதைச் சொல்லவில்லை. நீங்கள் எனக்காகப் பொய் எழுதினீர்கள். நான் அதில் கையெழுத்தும் வைத்தேன்."

அவர் ஆச்சரியப்பட்டவர் போல என்னைப் பார்த்தார்.

"பொய்யா? நான் பொய் எழுதவில்லை, மிஸ்."

"நான் உங்களிடம் சொல்லவில்லையே, சேர்."

"நீ சொல்லவில்லை. நோயாளி சொன்னார். 'கசக்குது' எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக உன்னிடம் கேட்டுக் கேட்டு எவ்வளவோ சொற்கள் எனக்குத் தெரிந்திருந்தன. என் காதால் கேட்டேன். அதனால்தான் நிறுத்தினேன். பட்டினி வயிற்றிலும் வாய் கசக்கும் அல்லவா? உன்னைப் பார்த்தேன். நீ வேறு மாதிரிச் சொல்லியிருந்தாய். என் தமிழ் அரைகுறை, நீ சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். நிறுத்தியிருக்க வேண்டும். எழுதியதெல்லாம் நடந்ததுதான்."

ஒன்பது வருடமாக அவர் எனக்காகப் பொய் சொன்ன பாரத்தைச் சுமந்திருந்தேன். அந்தப் பொய்யே இல்லை. அவர் என்னை நம்பினார். அவ்வளவுதான் நடந்தது.

அவர் கோப்பையைக் கையில் எடுத்து, குடிக்காமலே வைத்தார்.

"ஒன்று கேட்க வேண்டும் என்று எவ்வளவோ காலமாக இருந்தேன்" என்றார். "உன்னைக் கேட்கத் துணிவு வரவில்லை. கசக்குதுக்கு முன்னால் அவர் இன்னொன்று சொன்னார். நீளமாக. அது எனக்கு விளங்கவில்லை. அது அந்தக் கோழியைப் பற்றியதா, மிஸ்?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கசப்பு மட்டும்தான் இருந்தது என்று ஆகும். அதை அவரும் கேட்டார், நானும் கேட்டேன். பிழை இருவருக்கும் பாதிப் பாதி. இல்லை என்று சொன்னால், அவருக்கு விளங்காத அந்த அறிகுறியை நான் ஒருத்திதான் விழுங்கினேன் என்றாகும், பிழை முழுவதும் எனக்கு. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோன நோயாளி ஒருவரின் முகம் மாதிரி இருந்தது.

"கோழி இல்லை, சேர்" என்றேன். பிறகு தமிழிலும் சிங்களத்திலுமாக, அவள் சொன்ன வரிசையிலேயே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். காதுக்குள் வண்டு புகுந்தது போல ஙொய்யென்று கேட்கிறது.

"வண்டு" என்றார் தமிழில். அந்தச் சொல்லை அதுவரை அவர் அறிந்திருக்கவில்லை.

"ஆமாம், சேர்."

"காதில்."

"ஆமாம், சேர்."

அவர் தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது. அவர் அழவில்லை. உட்கார்ந்தபடியே என் கண் முன்னால் அவர் கொஞ்சம் இலேசாவதைக் கண்டேன். அவரை விட்டு இறங்கியது எங்கே வந்து ஏறியது என்பதும் எனக்குத் தெரிந்தது. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதைத் தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவர் மனைவி ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கடுதாசியில் சுற்றித் தந்தார். டொக்டர் வாசல் படலை வரைக்கும் கூட வந்தார். இறப்பர் இலைகள் பாதையெல்லாம் விழுந்து கிடந்தன.

எங்களைப் போலத்தான் சிங்களவர்களும். புறப்படுகிறவர் போகிறேன் என்று சொல்வதில்லை. போய் வருகிறேன் என்பார். நிற்கிறவர், போய் வா என்பார். நான், "கிஹின் என்னம், சேர்" என்றேன். போய் வருகிறேன்.

அவர் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உதடு பிரிந்தது. மூடியது. தலையை மட்டும் அசைத்தார்.

போய் வா என்ற அந்தச் சொல்லுக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பஸ் ஹோர்ன் கேட்டது. வாழைப்பழத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீதிக்கு நடந்தேன்.